மூன்றாவது வடம்

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் ஜெட், தளத்தின் குறுக்கே கிடக்கும் கம்பி வடத்தை வால் கொக்கியால் பிடித்தால்தான் நிற்கும். என் மகளைக் கட்டியவன் நான்கு வடங்களையும் தவறவிட்டு, கப்பலுக்கு முன்னால் ஜெட்டோடு கடலில் விழுந்தான். கண்ணால் பார்த்தேன். ஆனால் மூன்றாவது வடம் முன்னால் இழுபட்டு விறைத்து நின்றது. கொக்கி மாட்டும் இடத்தில் வெறும் காற்று.

“யோவ் பெருசு, வடத்த விடுய்யா! அடுத்தவன் எண்ணெய் தீரப்போற நேரத்துல மேல சுத்துறான்!” என்று கத்தினார் அதிகாரி.

“இத யாரு புடிச்சிருக்கான்னு சொல்லுங்க சார், விடுறேன்.”

“ஒருத்தனும் இல்லய்யா!”

அதிகாரி பேச்சை நான் என்றைக்கு நம்பினேன்? ஆனால் மேலே சுற்றுகிறவனுக்கும் ஒரு மாமனார் இருப்பான். வடத்தைத் தளர்த்தும் விசை என் கையில்தான் இருந்தது; தள்ளினேன். வடம் தொய்ந்தது.

எல்லோரும் வானத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்கு முன்னால் கடல் இரண்டாம் முறை உயர்ந்து தெறித்தது.