நடுங்கிய கை

கானா நாட்டின் குமாசி நகர ஆஸ்பத்திரியில் செர்வா அம்மா குப்புறப் படுத்திருந்தார். முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். இளம் டாக்டர் ஒஃபோரி ஊசியை எடுத்தார். கை நடுங்கியது. தட்டில் டங்கென்று வைத்துவிட்டார்.

"என்ன தம்பி, இதுதான் முதல் ஊசியா?"

"இல்லம்மா, நிறையப் போட்டிருக்கேன்."

"அப்போ என்னைப் பாத்துப் பயமா?"

"பின்ன?" என்றாள் நர்ஸ் அஜோவா. "இடது கையால மீனை நீட்டினான்னு ஒருத்தனைச் சந்தையே பாக்கத் திட்டினீங்களே."

"மரியாதை தெரியாதவனைத் திட்டாம கொஞ்சவா? சீக்கிரம் போடு தம்பி. வலி கால் வரைக்கும் இழுக்குது. சர்ச்ல எல்லாரும் ஆடிக்கிட்டே போய்க் காணிக்கை போடுறாங்க, நான் மட்டும் பெஞ்சில உக்காந்திருக்கேன்."

டாக்டர் மறுபடி ஊசியை எடுத்தார். மறுபடி நடுங்கியது.

செர்வா அம்மா தலையணையில் முகம் புதைத்தபடியே சொன்னார். "காலையில வாசல்ல நீ ஆரஞ்சு உரிச்சதைப் பாத்தேன். தோல் அறுபடாம ஒரே சுருளா வந்துச்சு. கத்தி உன் இடது கையிலதான் இருந்துச்சு."

டாக்டர் தயங்கினார். "பெரியவங்களுக்குப் போய் இடது கையால எப்படிம்மா..."

"நான் குப்புறத்தானே கிடக்கேன், எனக்கென்ன தெரியும்? அஜோவா, நீ சுவரைப் பாரு."

ஊசி கை மாறியது. நடுக்கம் நின்றது. மருந்து பதமாக உள்ளே இறங்கியது.

"முடிஞ்சுதும்மா."

செர்வா அம்மா மெல்லத் தலையைத் திருப்பினார்.

"போறப்ப அந்த மீன்காரன்கிட்டதான் மீன் வாங்கப்போறேன்" என்றார். "எந்தக் கையால நீட்டினாலும் சரி. மீன் மட்டும் நல்லதா இருக்கணும்."