நாலு பத்து

“நாலு மணி எண்டா நாலு மணிதான், ஜெயராஜா. நேத்து நாலு பத்துக்கு வந்து மானிய விண்ணப்பத்தை நீட்டினா நான் என்ன செய்ற? நாலு தாண்டினா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க.”

வினாயகமூர்த்தி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். வாவி மீனவர் சங்கத்தில் கணினிப் பொறுப்பு அவருடையது.

“எஞ்சின் நடு வாவியில நிண்டிட்டு சேர். துடுப்பு வலிச்சுத்தான் வந்தன்.”

“எல்லாருக்கும் ஒரு கதை இரிக்கும்.”

உள்ளறையில் கணினிச் சேர்வர் மறுபடி கீச்சிட்டது. விண்ணப்பத்தை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. சங்கத்தின் சின்ன ஜெனரேற்றர் சேர்வரை இழுக்கும், இரண்டு மின்விசிறியை இழுக்கும், ஏசியை இழுக்காது. ஜன்னல் இல்லாத அந்த அறை கொதித்தது. சூடு ஏறினால் சேர்வர் தானாகவே நின்றுவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை நின்றாயிற்று.

மண்ணெண்ணெய் மானியத்துக்கான முன்னூற்றுப் பதினொரு மீனவரின் பட்டியல் அதற்குள் கிடந்தது. இன்று நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் அத்தனை பேருக்கும் இந்த வருடம் மானியம் இல்லை.

மணி இரண்டே முக்கால்.

“கம்சாயினி, கதவை அகலத் திற” என்றார், உதவிக்கு நின்ற அலுவலகப் பெண்ணிடம்.

“திறந்துதான் கிடக்கு சேர். வெளிக்காத்தும் அனலாத்தான் வருது.”

“ஐஸ் கொஞ்சம் பேனுக்கு முன்னால வச்சா?”

“ஐஸ் பக்டரியும் கரண்ட் இல்லாமப் பூட்டு. காசு குடுத்தாலும் ஐஸ் இல்ல.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயராஜா படியிறங்கிப் போய்விட்டான்.

“ஒரு தொல்லை விட்டுது” என்றார் வினாயகமூர்த்தி.

சேர்வர் மூன்றாம் தடவையும் நின்றது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தார்.

“சேர், கரண்ட் இல்ல சேர். எங்கட பிழை இல்லத்தானே. ஒரு அரை மணித்தியாலம் பொறுத்துக்கொள்ளுங்க சேர். பெரிய உதவி.”

தலைமை அலுவலகம் நாலரை வரை பொறுக்கச் சம்மதித்தது.

அவர் திரும்பி வந்தபோது, ஜெயராஜா தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக சூடு புகாத இரண்டு வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளோடு நின்றான். பெட்டி நிறைய ஐஸ். அறையெல்லாம் மீன் நாற்றம்.

“எங்கால ஐஸ்?”

“கிடந்த.”

“இதுக்காக உன்ட பேரைச் சேர்ப்பன் எண்டு நினைக்காத.”

“பேரைப் பத்தி நான் கதைக்கல்லையே சேர். பேனை இஞ்சால திருப்புங்க.”

அவன் போனதும், கம்சாயினி அந்த விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் தள்ளி வைத்தாள். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

சூடு மெல்ல இறங்கியது. சேர்வர் எழும்பி, நின்றுவிடாமல் ஓடியது. பட்டியல் போய்ச் சேர்ந்தபோது நாலு பத்து.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரிலேயே இல்லாத ஐஸ் இவனுக்கு மட்டும் எங்கே கிடந்தது?

ஐந்தரைக்கு, வெறும் பெட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனார். ஜெயராஜாவும் மனைவி றீற்றாவும் மணலை என்கிற வாவி மீன் ஒரு குவியலைக் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மீனுக்கு வச்சிருந்த ஐஸை சங்கத்துக்குத் தூக்கிக் குடுத்திட்டு இப்ப கருவாடு போடுறம் சேர்” என்றாள் றீற்றா, கத்தியை நிறுத்தாமல். “அஞ்சு மணிக்கு, மீன் வாங்குற ஓட்டமாவடி கபூர் நானாட லொறி வந்த. மீன் இளகிட்டெண்டு ஏத்தாமப் போயிட்டார்.”

வினாயகமூர்த்தி பெட்டிகளை இறக்கி வைத்தார்.

“லொறி வந்து போகுமட்டும் பொறுத்திட்டுக் குடுத்திருக்கலாமே, ஜெயராஜா.”

ஜெயராஜா உப்புக் கையைச் சாரனில் துடைத்தான்.

“அதெப்படி சேர் பொறுக்கிற? முன்னூறு பேர்ட விசயம். நாலு தாண்டினா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க.”