முதல் பூசைக்குப் போகிறவர்

இறந்துபோன சவரிநாதனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து அவரது சாந்தோம் வீட்டில் இருந்தவர்கள்: மூத்த மகன் அருளப்பன், அவன் மனைவி, கோயில் உபதேசியார், அப்பாவோடு இருந்த கல்யாணமாகாத மகள் பிலோமினா.

“ஐம்பது வருஷம் ஞாயிறு முதல் பூசை தவறாதவர். குடும்பம்தான் உயிர்,” என்றார் உபதேசியார்.

“அவர் பூசைக்குக் கிளம்பினதும் கதவைப் பூட்ட இருபது வருஷமா விடியக்காலை நாலரைக்கு எழுந்தவ நான். இனியாவது தூங்குறேன்,” என்றாள் பிலோமினா.

“ஒரு கதவு பூட்டினதுக்கு இவ்வளவு பேச்சா?” என்றான் அருளப்பன். சாப்பிட்டுவிட்டு மனைவியோடு தேனாம்பேட்டையில் தன் வீட்டுக்குக் கிளம்பினான்.

மறுநாள் ஞாயிறு. நாலரைக்கு அவள் அறைக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது. “பிலோ, கதவைப் போட்டுக்கம்மா.”

போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மறுபடியும் அதே குரல், அதே பொறுமை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வாசற்கதவு திறந்து கிடந்தது. ராத்திரி வரை ஆணியில் தொங்கிய அப்பாவின் குடை இல்லை.

“பூசை முடிஞ்சு வந்து தட்டாதீங்க,” என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். கதவைச் சாத்திப் பூட்டினாள்.