பதினேழாவது கை

டைல்ஸ்காரரின் கை சுவரில் இடமிருந்து பதினேழாவதாக இருந்தது.

நாற்பது பேரின் வலது கைகள் வெள்ளை வெளேரென்று மணிக்கட்டுவரை நீட்டிக்கொண்டிருந்தன. அயல்நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களைப் பற்றிய கலைப்படைப்பாம். அதைச் செய்த அம்மாள் போன மாதம் தொழிலாளர் விடுதிக்கே வந்து, ஒவ்வொருவர் கையையும் குழைத்த மாவுக்குள் விட்டு அச்செடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து விடுதியில் அவருக்கு மாவுக்கட்டு அம்மா என்று பெயர்.

இன்று திறப்பு விழா. நாற்பது பேரையும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி வந்து, அவர்களே தரை பதித்த கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். வேலை உடுப்போடுதான் வர வேண்டும், ஆனால் துவைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு.

அவரவர் கைக்குக் கீழே அவரவர் பெயரை அவரவர் மொழியில் சுவரிலேயே எழுத வேண்டும்.

முதலில் போன பெயிண்டர் பழக்கதோஷத்தில் தன் வருகைப்பதிவு எண்ணை எழுதிவைத்தார். மாவுக்கட்டு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் சரி போலிருக்கிறது என்று அடுத்த ஆறு பேரும் எண்ணையே எழுதினார்கள்.

டைல்ஸ்காரருக்குப் பெயர்தான் சிக்கல்.

அவருடைய அடையாள அட்டையில் இருப்பது அவர் அண்ணனின் பெயர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் விசா வந்தது அண்ணனுக்கு. கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் அண்ணன் மாடிப்படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டார். வந்த விசாவை விடுவானேன் என்று அதே பாஸ்போர்ட்டில் தம்பி விமானம் ஏறிவிட்டார். மூக்கும் முழியும் இருவருக்கும் ஒரே அச்சு. ஈ காக்கா கூட ஏனென்று கேட்கவில்லை.

தெரிந்தால் கதை கந்தல். முதலில் சிறை, அப்புறம் ஊர், அப்புறம் இந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க முடியாது. மகள் நர்சிங் இரண்டாம் வருஷத்தில் இருக்கிறாள். அதனால் பன்னிரண்டு வருஷமாக யார் அண்ணன் பெயரைக் கூப்பிட்டாலும் இவர்தான் திரும்புவார். தூக்கத்தில் கூப்பிட்டாலும் திரும்புவார்.

பின்னால் மேஸ்திரி பட்டியலோடு நின்றார்.

"கார்டுல என்ன இருக்கோ அதை மட்டும் எழுதுங்கப்பா. வந்தோமா, எழுதினோமா, கிளம்பினோமான்னு இருக்கணும்."

டைல்ஸ்காரர் தன் கையைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தின் பிளவுகூட அப்படியே அச்சில் விழுந்திருந்தது. விரல் நுனிகளை சிமென்ட் தின்று பல வருஷம் ஆயிற்று. வேலையிடத்து வாசலில் ரேகை பார்க்கிற இயந்திரமே மூன்று தடவை வைத்தால்தான் மனமிரங்கும்.

அண்ணனோ ஜவுளிக்கடையில் துணி மடித்தவர். வாழ்நாளில் ஒரு செங்கல்லைத் தொட்டதில்லை. இந்தக் கைக்குக் கீழே அவர் பெயரா?

எரிச்சலாக வந்தது. எரிச்சலில் எழுதிவிட்டார்.

தன் சொந்தப் பெயரை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்த பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழிந்து போகிற மையும் இல்லை அது.

மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படித்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"யாருய்யா இது? லிஸ்ட்லயே இல்லையே."

"என் தம்பி," என்றார் டைல்ஸ்காரர். வாயில் வந்தது அதுதான். "செத்துட்டான். ஞாபகமா இருக்கட்டுமேன்னு எழுதினேன்."

மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. எப்போது என்று கேட்டார். மூன்று வருஷம் ஆகிறது என்றார் டைல்ஸ்காரர். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மேஸ்திரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று மாவுக்கட்டு அம்மா வந்து நிற்க, மேஸ்திரி தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மைக்கை வாங்கி ஏதோ சொன்னார். விருந்தினர்கள் பழச்சாற்றுக் கோப்பைகளை ஓரமாக வைத்துவிட்டுத் தலைகுனிந்தார்கள். நாற்பது பேரும் குனிந்தார்கள். ஒரு நிமிட மௌன அஞ்சலி.

தன் சாவுக்குத் தானே அஞ்சலி செலுத்துகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். டைல்ஸ்காரரும் ஒழுங்காகத் தலைகுனிந்து நின்றார்.

அவர் சொன்னதில் பொய் கொஞ்சம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அவர் பெயரில் இறப்புச் சான்றிதழ் வாங்கினால் இங்கே இருக்கிற அட்டை அன்றோடு செல்லாது. குடும்பம் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது. மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

"வேற வழி தெரியலங்க. உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கோம். நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க."

அன்றிலிருந்து ஊர்க் கணக்கில் அவர் காலமானவர். லீவு கேட்டால் சான்றிதழ் கேட்பார்கள், யார் எவர் என்று துருவுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று பகல் முழுக்க ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினார். அழவும் இல்லை.

இப்போது அழுகை வந்தது. அண்ணனுக்காக, அத்தனை பேர் நடுவில், தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

நிமிடம் முடிந்து விருந்தினர்கள் கோப்பைகளை எடுத்துக்கொண்ட பிறகும் அது நிற்கவில்லை. மேஸ்திரி பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நகரப் பார்த்தவர்களைக் கையமர்த்தி, இன்னும் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னார்.