ஆறாவது கோடு

மூன்றாவது முறையாக அந்தப் பல் கேப் திரும்பி வந்திருந்தது.

அவள் டப்பாவைத் திறக்கவில்லை. டாக்டரின் சீட்டைத்தான் முதலில் படித்தாள்.

'உட்காரவில்லை. பல்லை மறுபடியும் ராவ வேண்டியதாயிற்று. மெழுகு வேலையைக் கவனிக்கவும்.'

மறுபடியும்.

மார்த்தாண்டத்தில் யாரோ ஒரு டீச்சருக்கான கேப். உயிருள்ள பல். ராவி எடுத்தது திரும்ப முளைக்கவா போகிறது?

அந்தப் பல் லேபில் ஒரு பலகை உண்டு. திரும்பி வருகிற வேலைக்கெல்லாம் செய்தவர் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. பதினோரு வருஷமாக, கேப்பை முதலில் மெழுகில் செதுக்குகிற மெழுகு மேசை அவளுடையது. ஒரு கோடும் விழுந்ததில்லை. இந்த ஒரு மாதத்தில் ஐந்து. ஆறு ஆனால் மேசையை விட்டு பாலிஷ் அறைக்குப் போக வேண்டும்.

முதலாளி செல்வின் வந்து ஆறாவது கோட்டைப் போட்டார்.

ஸ்கேல் வைத்துப் போட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெழுகு அதே மெழுகு. கை அதே கை. மாறியது அடியில் இருக்கிற மாதிரிப் பல்.

போன மாதம் வரை, டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அளவு அச்சில் கல் மாவைக் கரைத்து ஊற்றி மாதிரிப் பல் செய்தார்கள். கத்தி பட்டால் ஓரம் உதிர்கிறது என்று செல்வின் ரெசின் பிசினுக்கு மாறினார். ரெசின் உதிராது. ஆனால் இறுகும்போது சுருங்கும். ஒரு மயிரிழைதான். சுருங்கிய பல்லில் மெழுகு கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

வாயில் இருக்கிற பல் சுருங்குமா?

ஐந்தாவது கோடு விழுந்த அன்றே இதைச் சொன்னாள். செய்தும் காட்டினாள். ஒரே அளவில் இரண்டையும் ஊற்றி, ரெசின் பல்லில் செதுக்கிய மெழுகை எடுத்துக் கல் பல்லின் மேல் வைத்தாள். முழுசாக இறங்கவில்லை. ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. லென்ஸை நீட்டினாள்.

செல்வின் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கைல கோளாறு இருந்தா சாமானக் குறை சொல்லப்படாது, ஜெசிந்தா."

அத்தனை பேர் முன்னால்.

இப்போது அவள் கத்திகளைத் துடைத்துப் பையில் போட்டாள். மெழுகு உருக்கும் விளக்கை அணைத்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான்.

செல்வின் திரும்பி வந்தார். கையில் பல் அச்சோடு ஒரு அளவுத் தட்டு. அதில் ஒட்டியிருந்த பெயர், ஹெலன் செல்வின். அவர் மனைவி.

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். குரல் ரகசியம்போல் இறங்கியது.

"பாலிஷுக்கு நாளைக்குப் போனாப் போதும். இத மட்டும் நீயே முடிச்சுக் குடு. கல்லுல ஊத்து."

அவள் அவரையே பார்த்தாள்.

தெரிந்திருக்கிறது. முதல் கோட்டிலிருந்தே தெரிந்திருக்கிறது.

எழுந்து நின்றாள். ஆறு மேசைக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"இத மட்டும் ஏன் சார் கல்லுல?"

ராவுகிற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அவர் தட்டை நீட்டியபடியே இருந்தார். அவள் கை நீட்டவில்லை.