பத்து மணிப் பேப்பர்

"பேப்பர் பார்க்கிற பழக்கம் இரிக்கா?" என்று பெண் பார்க்க வந்த அன்று கனகசூரியம் கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"செய்தி இல்லாட்டி எனக்குப் பொழுது விடியாது" என்றாள் பாலசுந்தரி. அவர் அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

இருவரையும் சுனாமி தனியாக்கி மூன்று வருடம் கழித்து நடந்த கலியாணம் அது. கல்லடியில் தபாற்கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கப்படி மனைவி வீட்டோடு பனிச்சங்கேணிக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு சூட்கேசும், உலகத்தில் நடக்கும் எல்லாவற்றைப் பற்றியும் ஒவ்வோர் அபிப்பிராயமும் கொண்டு வந்தார்.

வந்த வருடமே அவருக்குக் கண்ணில் பூ விழுந்தது. அன்று முதல் பேப்பரைப் பிடித்துக்கொண்டு செய்தி சொல்வது பாலசுந்தரியின் பொறுப்பு.

மட்டக்களப்பு பஸ் பத்து மணிக்குத்தான் பேப்பரை இறக்கும். அதற்குள் அவள் விடியப்புறமே எழும்பி, அடுப்படியில் றேடியோவைப் போட்டுவிட்டுப் பிட்டு அவித்து, தம்பி சுபாகரன் கடலால் கொண்டுவந்த மீனையும் ஆய்ந்து முடித்துவிடுவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அவர் பக்கத்தில் கதிரையைப் போடுவாள்.

"சந்திரனில தண்ணி இரிக்காம்."

"இரிக்கட்டும். அங்கயிரிந்து இஞ்ச ஒரு குழாய் போட்டுத் தரச் சொல்லு. கடல் வந்து போன நாளையிலயிரிந்து நம்மட கிணறு உப்பு."

"இனிப் போனிலயே ஆளை ஆள் பார்த்துக் கதைக்கலாமாம்."

"அப்ப வீட்டுக்குள்ள இரிந்துகொண்டு வெளியூர் எண்டு பொய் சொல்ல ஏலாது. எத்தின குடும்பம் பிரியப் போகுதோ."

பாலசுந்தரி சட்டென்று பக்கத்தைப் புரட்டினாள்.

"எலக்சனுக்கு நிக்கிறவங்க எல்லாரும் பாலம் கட்டித் தருவாங்களாம்."

"கட்டிட்டா அடுத்த எலக்சனுக்கு என்னத்தச் சொல்லிக் கேக்கிற? கட்டமாட்டாங்க."

"சண்டையும் முடியாது எண்டுதான் சொன்னீங்க. முடிஞ்சு எட்டு மாசம்."

கனகசூரியம் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினார். தோற்கிற நாளில்தான் அவர் இரண்டாவது கோப்பை கேட்பார்.

"கிழக்குக் கடல்ல காத்துப் பலமாம். அலை ரெண்டு மீற்றருக்கு எழும்புமாம். சின்னத் தோணிக்காரங்க கவனமாம்" என்று அவள் முடித்தாள்.

"பேப்பரில இதெல்லாம் போடுறாங்களா?"

"இப்ப போடுறாங்க."

"காலம அடிக்கிற காத்து பத்து மணிப் பேப்பரில. பார்த்தியா புள்ள, இதுதான் விஞ்ஞானம்." எதையும் லேசில் பாராட்டாத மனுசன் அன்று பாராட்டினார். "ஆசிரியர் தலையங்கத்தையும் ஒருக்கா வாசியன்."

"அது எப்பவும் உள்ள புலம்பல்தான். விடுங்க."

அவருக்குக் கண் ஒப்பரேசனுக்கு நாள் குறித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி வந்தால் அவர் தானே வாசித்துக்கொள்வார். இந்தப் பத்து மணி போய்விடும். முதற் கலியாணத்தில் யாரும் அவளிடம் ஒரு விசயத்துக்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றும் அவளிடம் இருந்தது. கலியாணமான நாளிலிருந்து அது தொண்டை வரை வரும். வந்து, திரும்பிப் போய்விடும்.

தைப்பொங்கல் கிழமையில் கண்ணாடி வந்தது. கனகசூரியம் அதைப் போட்டுக்கொண்டு முதலில் மனைவியைப் பார்த்தார்.

"கண் மங்கினதிலயும் ஒரு நன்மை. இவ்வளவு நாளும் எனக்கு நீ வயசு போகாமலே இரிந்தாய்."

"உங்கட வாயில மட்டும் பூ விழல்ல" என்றாள். சிரித்தாள். ஆனால் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் பேப்பரை விரித்தார். அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"வெக்கங்கெட்டவங்க" என்றார் கனகசூரியம். "நேத்து நீ வாசிச்ச அதே செய்தியத்தான் இண்டைக்கும் போட்டிரிக்காங்க. புதிசா எழுதப் பஞ்சி, சோம்பேறிகள்."

அவர் இரண்டு பக்கம் புரட்டினார், அரைப் பத்தி படித்தார், கொட்டாவி விட்டார். பிறகு பேப்பரை அவள் பக்கம் நீட்டினார்.

"சரிவராது புள்ள. நானே வாசிச்சு நானே எதிர்த்துக் கதைக்க ஏலுமா? கண் வந்தாலும் எனக்கு உன்ட குரல்லதான் பேப்பர். இஞ்ச வா, இதிலயிரிந்து வாசி" என்று ஒரு தலைப்பின் மேல் விரலை வைத்தார்.

அவள் பயந்தது நடக்கவில்லை. பேப்பரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். உட்காரவும் செய்தாள்.

அவர் விரல் அந்தத் தலைப்பிலேயே இருந்தது. புதுக் கண்ணாடிக்குள் இருந்து இரண்டு கண்களும் ஆசையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

பேப்பரை மெதுவாக மடித்து மடியில் வைத்தாள்.

"இஞ்சேருங்க, எனக்கு ஆனா ஆவன்னா படிப்பிச்சுத் தாங்க."