விழுந்த கிட்டார்

“கிட்டார் பெல்ட்டுல நீங்க மாட்டிக் கொடுத்த லாக்தான் நேத்து மேடையில கழண்டுபோச்சு! பாதிப் பாட்டுல தம்பி தோள்லேருந்து கிட்டார் தொப்புன்னு விழுந்துது. பாட்டும் அதோட நின்னுது. இப்ப என்ன சொல்றீங்க?”

உடைந்த கிட்டாரைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள் பாடகி. அவள் பின்னால் கிட்டாருக்குச் சொந்தக்காரனான அவள் தம்பி, இது யார் வீட்டுச் சண்டையோ என்பது போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டாரென்றால் மனிதர் சண்டைக்குத் தயார்.

“வாய்க்கு வந்தபடி பேசாதம்மா! பழைய ஸ்பீக்கரைத் தோள்ல சுமந்து, தெருத்தெருவா ரிப்பேர் பண்ணி வளர்த்த கடை இது. இதுவரைக்கும் ஒருத்தர் இங்கே வந்து குறை சொன்னது கிடையாது!”

“ஏன், குறை சொல்றவங்களை உள்ளேயே விடறதில்லையா?”

மனைவி சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

“பெல்ட்டைப் பாருங்க, எவ்வளவு தடிமனான தோல்! இவ்வளவு தடிமன்ல லாக்கோட திருகு அந்தப் பக்கம் எட்டாது, நட்டு பிடிக்காதுன்னு எங்க கீபோர்டுக்காரரே சொல்றார்.”

“கீபோர்டுக்காரனுக்கு பெல்ட்டைப் பத்தி என்ன தெரியும்? அவன் வாத்தியத்தை மேஜைதானே சுமக்குது! தோல் தடிமன்னு எனக்குத் தெரியாதா? துளையைச் சுத்தி அடிப்பக்கமா சீவி, மெலிசாக்கி, வாஷர் போட்டு, நட்டை முறுக்கிக் கொடுத்தேன். இதோ பாரு!”

லாக்கைக் கிட்டாரில் சொருகினார். டக்கென்று பிடித்தது. பெல்ட்டைப் பிடித்துக் கிட்டாரை வாளி மாதிரி ஆட்டினார். அக்காவும் தம்பியும் இரண்டடி பின்னால் போனார்கள். முகம் சிவக்க இழுத்துப் பார்த்தார். லாக் அசைந்துகொடுக்கவில்லை.

“பார்த்தியா? நடுவுல இருக்கற குமிழை அமுக்கிக்கிட்டே இழுத்தாத்தான் இது வரும். தானா வரவே வராது. யாரோ கையை வச்சு…”

அக்காவின் முதுகுக்குப் பின்னால் தம்பி இரண்டு கைகளையும் கூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“யாரோன்னா யாரு? இப்ப யார் தலையில கட்டப் பார்க்கறீங்க?” அக்கா கைப்பேசியை எடுத்தாள். “மண்டபத்து மேனேஜர் எங்க கவனக்குறைவுதான்னு சொல்லிட்டு, அடுத்த நிகழ்ச்சியை வேற குழுவுக்குக் கொடுக்கப் போறார். அவரையே கூப்பிடறேன். அவர்கிட்ட பேசுங்க, தெரியும்!”

உள்ளே சிக்னல் கிடைக்காமல் விறுவிறுவென்று தெருவுக்குப் போனாள்.

கடைக்காரர் கவுண்டருக்கு மேலே கையை நீட்டித் தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

“டேய், நீதானே கழட்டினே? என் பேரைக் கெடுக்கவாடா?”

தம்பி எக்கி அவர் காதில் என்னவோ சொன்னான். கல்லாவிலிருந்து கழுத்தை எவ்வளவு நீட்டியும் மனைவிக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பிடித்திருந்த கை மட்டும் மெதுவாகத் தளர்வது தெரிந்தது.

அக்கா வாசற்படியில் நின்றே கைப்பேசியை நீட்டினாள். “இந்தாங்க, லைன்ல இருக்கார். பேசுங்க!”

கடைக்காரர் போய் வாங்கிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

“மேனேஜர் சார், கிட்டார் கடைக்காரன் பேசறேன். தப்பு என்னுதுதான். தோலைச் சரியாச் சீவாம லாக்கை மாட்டிட்டேன். பாடின பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல.”

மனைவி புடவையில் டீயைக் கொட்டிக்கொண்டாள்.

“அப்படியா? சரி, நிகழ்ச்சி அவங்களுக்கே இருக்கட்டும்” என்றது கைப்பேசியின் ஸ்பீக்கர். “ஆனா எனக்குத் தெரிஞ்ச யாரையும் இனிமே உங்க கடைப் பக்கம் அனுப்ப மாட்டேன்.”

“அது உங்க இஷ்டம் சார்.”

அக்கா கைப்பேசியை வெற்றியோடு பையில் போட்டாள்.

“இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருப்பேனா? தப்பை ஒத்துக்கிட்டா தலையா போயிடும்? இனிமேலாவது இந்தக் கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க.”

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். “ஆகட்டும்மா. கிட்டாரை விட்டுட்டுப் போங்க, மூலையை ஒட்டித் தர்றேன்.”

இருவரும் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்த மனைவி, வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சலும் இல்லையே! கட்டின நாள்லேருந்து என்கிட்ட ஒரு தப்பை ஒத்துக்கிட்டதுண்டா நீங்க? லாக் நல்லாத்தானே பிடிச்சுது? என் கண்ணாலேயே பார்த்தேனே!”

“நல்லாத்தான் பிடிச்சுது. நடுப் பாட்டுல அந்தப் பொண்ணுக்கு அடுத்த வரி மறந்துபோச்சு. முன்வரிசையில மேனேஜர். அக்காவை யாரும் கவனிக்கறதுக்குள்ள எல்லாரும் தன்னைப் பார்க்கட்டும்னு, பய குமிழை அமுக்கிக் கிட்டாரைக் கீழே விட்டுட்டான். அது விழுந்த சத்தத்துலதான் வரி மறந்துதுன்னு அவளே இன்னும் நம்பிக்கிட்டிருக்கா.”

கடைக்காரர் கிட்டாரின் உடைந்த மூலையைத் தடவினார்.

“உசிரா வச்சிருந்த கிட்டாரையே அவன் கீழே போட்டிருக்கான். நான் என் பேரைக் கொஞ்சம் கீழே போட்டா என்ன, உடைஞ்சா போயிடும்?”